உட்காருவதற்கும் ஒரு சட்டம்!



தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் சாலைக்கும் நீங்கள் ஜவுளி எடுக்க வந்திருப்பீர்கள். அங்கே புடவையை விரித்துப் போடுகிற பெண் யார்? பல கடைகளில் அவள் தென் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். விவசாயக் கூலியின் மகள். நம் வீட்டுப் பெண். வாங்க வந்தவருக்கு நாற்காலி உண்டு, விற்கிறவளுக்குக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து ராத்திரி விளக்கணைக்கும் வரை நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ படம் இந்த வாழ்க்கையை ஊருக்கெல்லாம் காட்டிற்று.

மில் தோழர்களுக்குத் தெரியும்: நின்று வேலை செய்பவர் இடையில் உட்கார வசதி வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே 44-வது பிரிவில் சொல்லிற்று. (எந்த மில் கேட்டது என்பது வேறு கதை!) கடைச் சிப்பந்திகளுக்கான 1947-ம் வருஷத்துச் சட்டத்தில் அந்த வரி இல்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண்கள் சங்கமாகக் கூடிக் கேட்டார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருந்தியது. நம் சட்டசபையில் 2021 செப்டம்பரில்தான் மசோதா வந்தது. 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது.

நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பிரிவு ‘தகுந்த இருக்கை வசதி’ என்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை? அதில் எண் இல்லை. இங்கிலாந்திலே 1899-ல், ராணி விக்டோரியா காலத்தில் வந்த சட்டம்கூட மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனம் என்று கணக்குப் போட்டது. இங்கே முதலாளி மாடிக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு, இதுதான் தகுந்தது என்பார்.

ஸ்டூல் வந்தாலும் உட்காரத் துணிவு வேண்டுமே! கடை விடுதியில் படுத்து, கடைச் சோறு தின்கிறவளுக்கு வேலை போனால் படுக்கையும் போகும். சம்பளத்திலும் இதே தந்திரம்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது 1976-ம் வருஷத்துச் சட்டம். வேலையின் பெயரை மாற்றிவிட்டால் கூலியையும் மாற்றலாம் என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். நாற்று நடும் பெண்களுக்கு இது புதிதா என்ன?

சர்க்காரை நாம் கேட்பது இதுதான்: இருக்கைக் கணக்கை விதியில் எழுது. உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காதே. இன்ஸ்பெக்டரைப் பண்டிகைக் கூட்டத்தில் அனுப்பு, காலையில் காபி குடிக்க அனுப்பாதே.

தீபாவளிக்கு ஜவுளி எடுக்க வரும்போது கவுண்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். பதில் சொன்னால் அவளுக்கு வேலை போய்விடும்.