சாவா மூவா நிதி: குழந்தைகள் அருங்காட்சியகங்கள் கற்பிக்கும் பாடம்

(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மண்டபத்தின் மேல்தளத்தில் சிறார்க்கென ஒரு காட்சிக்கூடம் அமைக்கலாம் என்னும் எண்ணம் செயற்குழுவினர் உள்ளத்தில் எழுந்துள்ளது. அதனைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தனர். நான் தமிழ் கற்பித்தவன். கணக்கு என் துறை அன்று. ஆயினும் இன்று வரவு செலவுக் கணக்கைப் பற்றியே பேச விழைகின்றேன். அதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கண்ணாடிக் கதவிட்ட இரண்டு அலமாரிகளை அன்பர் ஒருவர் வழங்கினார். மாணவர்கள் தத்தம் இல்லங்களிலிருந்து பொருள்களைக் கொணர்ந்தனர். படி, உழக்கு, ஆழாக்கு ஆகிய முகத்தல் அளவைகள், தூக்கணாங்குருவிக் கூடு, வலம்புரிச் சங்கின் ஓடு, பித்தளைப் பாக்குவெட்டி எனப் பலவும் சேர்ந்தன. ஒரு மாணவன் தன் பாட்டனார் போற்றிவந்த ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றைக் கொணர்ந்தான். திறப்பு விழா சிறப்பாக நடந்தது. அடுத்த ஆண்டு கண்ணாடி ஒன்று உடைந்தது. அதனை மாற்றப் பணம் ஒதுக்கப்படவில்லை. அதற்கடுத்த ஆண்டு நான் மாறுதலாகி வேற்றூர் சென்றேன். பல ஆண்டுகள் கழித்து அப்பள்ளிக்குச் சென்றபோது, அலமாரிகளுள் பழைய விடைத்தாள்கள் அடுக்கப்பட்டிருந்தன. சுவடியைக் கறையான் அரித்துவிட்டது. அண்மையில் ஒரு திருமண வீட்டில் அம்மாணவனைக் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவனுக்கு. "ஐயா, எங்கள் தாத்தாவின் சுவடி பத்திரமாக இருக்கிறதா?" என்று வினவினான். விடை கூற இயலாமல் தலைகுனிந்து நின்றேன்.

அலமாரி வழங்கியவர் மீது குற்றமில்லை. பள்ளி மீதும் நான் பழி கூறவில்லை. தொடக்கத்தைப் பற்றி மட்டுமே சிந்தித்து, தொடர்ச்சியைப் பற்றிச் சிந்தியாது விட்டவன் நான். அதனால்தான் உலகில் இத்தகைய நிலையங்கள் எவ்வாறு ஆண்டுதோறும் உயிர்த்திருக்கின்றன என்பதை ஓய்வுபெற்ற பின் தேடிப் படித்தேன். அதன் சாரத்தையே இங்கு முன்வைக்கின்றேன்.

குழந்தைகளுக்கெனவே ஓர் அருங்காட்சியகம் என்னும் எண்ணம் முதன்முதலில் செயல்வடிவம் பெற்றது அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் ஆகும். 1899ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், பூங்கா ஒன்றினுள் இருந்த பழைய வீட்டில் அது தொடங்கப்பட்டது. அன்னா பில்லிங்ஸ் கேலப் என்னும் அம்மையார் 1937 வரை அதன் காப்பாளராக விளங்கிக் குழந்தைகளின் கைகளில் பொருள்களைக் கொடுத்துக் கற்பிக்கும் முறையை நிலைபெறச் செய்தார். புரூக்ளின் நிலையத்திற்கு நகராட்சியின் துணை நெடுங்காலமாக உண்டு. மக்கள் வரிப்பணம் ஒரு பகுதிச் செலவைத் தாங்குகின்றது.

அடுத்து 1913இல் பாஸ்டன் நகரில் ஆசிரியர்களின் முயற்சியால் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகம் தோன்றியது. 1962இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பாக், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பூட்டப்பட்டிருந்த பொருள்களை வெளியே கொணர்ந்தார். தொட்டும் திருகியும் ஏறியும் இறங்கியும் குழந்தைகள் கற்கலாயினர். உலகெங்கும் இன்று காணப்படும் முறை இதுவே. இம்முறைக்கு ஒரு விலை உண்டு என்பதை நாம் கருத வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கும் சிலை நூறாண்டு நிற்கும். நாள்தோறும் ஆயிரம் சிறு கைகள் திருகும் சக்கரமோ சில மாதங்களில் தேயும். ஆகவே குழந்தைகள் அருங்காட்சியகம் கட்டி முடிக்கப்படும் பொருள் அன்று. ஆண்டுதோறும் ஒரு பகுதியேனும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

இவ்வாறு வளர்ந்தவற்றுள் தலையாயது இண்டியானாபொலிஸ் நகரத்துக் குழந்தைகள் அருங்காட்சியகம். மேரி ஸ்டூவர்ட் கேரி என்னும் அம்மையார் 1924இல் புரூக்ளின் நிலையத்தைக் கண்டு வியந்து, தம் ஊர்க் குழந்தைகளுக்கும் அவ்வாறு ஒன்று வேண்டும் என விரும்பினார். ஊர்ப் பெரியோர் துணையோடு 1925இல் அதனை நிறுவினார். முதலில் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வண்டிகள் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொணர்ந்த பொருள்களே முதற் காட்சிப் பொருள்கள். பின்னர்ச் சில ஆண்டுகள் அவ்வம்மையாரின் சொந்த மாளிகையே அருங்காட்சியகமாக விளங்கியது. அவர் அணிந்திருந்த கடற்குதிரை வடிவ அணிகலனே அந்நிலையத்தின் சின்னமாயிற்று. 1946இல் வேறோர் இல்லத்திற்கு மாறி, 1976இல்தான் பெரிய புதுக் கட்டடம் எழுந்தது. தொடக்கத்திற்கும் அக்கட்டடத்திற்கும் இடையே ஐம்பத்தொரு ஆண்டுகள் கடந்தன என்பதைக் கவனிக்க வேண்டுகின்றேன். முதலில் குழந்தைகள் வந்தனர். பின்பு மக்கள் நம்பிக்கை வந்தது. அதன் பின்னரே கட்டடம் வந்தது.

இன்று அது ஏறத்தாழ 4,70,000 சதுர அடிப் பரப்பில், உலகின் மிகப்பெரிய குழந்தைகள் அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 1868இல் செய்யப்பட்ட ரூபன் வெல்ஸ் என்னும் நீராவித் தொடர்வண்டி எந்திரம் அங்கே நிற்கின்றது. 1917இல் ஒரு பூங்காவில் நிறுவப்பட்டு, 1956இல் கூரை இடிந்து கைவிடப்பட்ட மரக்குதிரை இராட்டினத்தைத் தேடியெடுத்துப் பழுதுபார்த்து மீண்டும் சுழலச் செய்துள்ளனர். 2004இல் தொன்மா விலங்குகளுக்கெனத் தனிக்கூடம் திறந்தனர். 2007இல் ஆன் ஃபிராங்க், ரூபி பிரிட்ஜஸ், ரயன் ஒயிட் ஆகிய மூன்று குழந்தைகளின் வாழ்வைக் காட்டும் கூடத்தை அமைத்தனர். 2018இல் ஏழரை ஏக்கர் பரப்பில் விளையாட்டுத் திடல் ஒன்றைச் சேர்த்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புதுமை என்னும் ஒழுங்கு இதில் புலப்படும். ஒருமுறை வந்த குழந்தை மறுமுறை வருவதற்கு அதுவே காரணம்.

இதற்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது? நான் படித்த அளவில், இத்தகைய நிலையங்களின் வருவாய் நான்கு ஓடைகளாகப் பாய்கின்றது.

முதலாவது நுழைவுக் கட்டணம். இரண்டாவது ஆண்டு உறுப்பினர் சந்தா. ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை பணம் செலுத்தி எத்தனை முறையும் வந்து போகலாம். மூன்றாவது நன்கொடை. நான்காவது மூலநிதியின் வட்டியும் ஈவும்.

முதல் ஓடை மழையை நம்பிய ஆறு போன்றது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் அருங்காட்சியகங்களின் கதவுகள் அடைபட்டபோது அவ்வோடை ஒரே நாளில் வற்றியது. தொட்டு விளையாடும் நிலையங்கள் என்பதால் குழந்தைகள் அருங்காட்சியகங்களுக்கு இன்னல் மிகுதியாயிற்று. மேலும் கட்டணத்தை உயர்த்தினால் ஏழைக் குழந்தை வெளியே நிற்கும். இண்டியானாபொலிஸில் அரசின் உதவி பெறும் குடும்பங்களுக்கு மிகக் குறைந்த கட்டணச் சீட்டு வழங்குகின்றனர். அந்த இழப்பை ஏனைய ஓடைகள் ஈடுசெய்ய வேண்டும்.

மூன்றாவது ஓடைக்கு ஓர் அழகிய சான்று கூறுகின்றேன். அந்நிலையத்தின் மகளிர் தொண்டர் குழுவினர் 1964 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர்த் திங்களில் 'பேய் வீடு' ஒன்றை அமைக்கின்றனர். அச்சமும் சிரிப்புமாகக் குழந்தைகள் அதற்குள் நுழைந்து வெளியேறுவர். அச்சீட்டு வருவாய் அருங்காட்சியகத்திற்கே செல்கின்றது. ஆண்டுதோறும் தவறாமல் ஊரார் உழைத்துத் தரும் பணம் அது. அந்நகரத்தின் லில்லி அறநிதி போன்ற பெருங்கொடையாளர்களும் துணை நின்றுள்ளனர். ஆயினும் ஊரே உழைப்பதைக் கண்ட பின்னரே பெருங்கொடையாளர்க்கு நம்பிக்கை பிறக்கும் என்பது என் எண்ணம்.

மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. பிலடெல்பியா நகரத்துப் 'பிளீஸ் டச்' அருங்காட்சியகம் 1976இல் தொடங்கி நன்கு வளர்ந்தது. 2008இல் அது 'மெமோரியல் ஹால்' என்னும் வரலாற்றுப் பெருமை மிக்க மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. மாளிகையைச் சீரமைக்க ஏறத்தாழ ஆறு கோடி டாலர் கடன்பத்திரங்கள் வழியே திரட்டப்பட்டது. நன்கொடைகள் வரும், கடனை அடைத்துவிடலாம் என்று எதிர்பார்த்தனர். அவ்வாண்டே உலகப் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. எதிர்பார்த்த கொடைகள் வந்து சேரவில்லை. வருவோர் எண்ணிக்கை குறையவில்லை. பழைய இடத்தைவிடப் பெருகவே செய்தது. இருந்தும் கடன்சுமை தாளாமல் 2015இல் நொடிப்புநிலை அறிவித்து நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது. கடன் கொடுத்தோரோடு உடன்பாடு கண்டு 2016இல் மீண்டெழுந்தது. கூட்டம் கூடுவது ஒன்றே நிதிநிலையின் வலிமை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இனி நான்காவது ஓடையாகிய மூலநிதி. இண்டியானாபொலிஸ் நிலையத்தின் ஆண்டுச் செலவில் கணிசமான பகுதியை இதன் ஈவு தாங்குகின்றது. முதல் தொடப்படுவதில்லை, விளைவு மட்டுமே செலவாகின்றது. இது மேலைநாட்டார் கண்ட புதுமை என எண்ணிவிட வேண்டாம். நம் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை அறிந்திருந்தன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமாயின் அக்காலத்தார் நெய்க்குடம் வழங்கவில்லை. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை வழங்கினர். இடையர் ஒருவர் அவற்றைப் பேணி, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்து இறக்கும் ஆடுகளுக்கு ஈடாகக் குட்டிகள் பிறக்க, மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆதலின் அதனைச் 'சாவா மூவாப் பேராடு' என்றே கல்வெட்டுகள் அழைத்தன. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட நிலக்கொடையாகிய 'பள்ளிச்சந்தம்' என்பதும் இதே நெறியில் அமைந்தது. நிலம் நிற்கும், விளைச்சல் ஆண்டுதோறும் வரும், அறம் தொடரும். நம் முன்னோர் விளக்கை மட்டும் தரவில்லை. விளக்கு அணையாமைக்கு வழியையும் சேர்த்தே தந்தனர்.

எனவே செயற்குழுவினரிடம் நான்கு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஓர் அறையிலிருந்து தொடங்குவோம். இரண்டாவது, பெறும் நன்கொடையில் ஒரு பகுதியை மூலநிதியாக வங்கியில் இட்டு, அதன் முதலைத் தொடுவதில்லை எனத் தீர்மானம் இயற்றுவோம். மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் இவ்விழா மேடையிலேயே காட்சிக்கூடத்தின் வரவு செலவுக் கணக்கை வாசிப்போம். எத்தனை குழந்தைகள் வந்தனர், எந்தப் பொருள் பழுதுற்றது, அதனைச் சீர்செய்ய என்ன செலவாயிற்று என்பதை அனைவரும் அறியட்டும். குறைவு நேரின் மறைக்க வேண்டியதில்லை. குறையைக் கேட்டறிந்தவர்தாம் அதனைத் தீர்க்க முன்வருவர். நான்காவது, யார் எந்தப் பொருளைத் தந்தாலும், அது ஒரு சிறுவன் தந்த கிளிஞ்சலே ஆயினும், பெயரும் நாளும் எழுதிச் சீட்டு வழங்குவோம். பாதுகாக்க இயலாத நாளில் உரியவரிடமே திருப்பித் தருவோம்.

பெரியோர்களே, கட்டடத்திற்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிக்கப்படும். கண்ணாடி மாற்றவும், கறையானுக்கு மருந்து தெளிக்கவும், காவலருக்கு ஊதியம் அளிக்கவும் கொடுத்தால் பெயர் எங்கும் பொறிக்கப்படாது. பெயர் வேண்டாத அந்தக் கொடையே காட்சிக்கூடத்தை வாழவைக்கும்.

என்னிடம் வினவிய அந்த மாணவனுக்கு இன்னும் நான் விடை கூறவில்லை. சுவடியை மீட்டுத் தர என்னால் இயலாது. அவனுடைய மகள் நாளை இந்த மேல்தளத்திற்கு ஒரு பொருளைக் கொணர்ந்தால், அது அவள் பேத்தி காலத்திலும் இருக்கும் என்று அவனிடம் நான் உறுதி கூற வேண்டும். என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாதத் தொகையை மூலநிதியின் முதல் வரவாக ஏற்றுக்கொள்ளுமாறு பொருளாளர் அவர்களை வேண்டுகின்றேன்.