இரவல் கேட்கும் மொழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



அயல்மொழி பயின்றோர் அம்மொழியின் காப்பியங்களைப் பற்றிப் பேசுவதே அவை வழக்கம். நானோ சிறிது உப்பு இரவல் கேட்ட கதையைக் கூற வந்துள்ளேன். பொறுத்தருள்க.

பணியின் பொருட்டு மாட்ரிட் நகரில் ஓராண்டு தங்கியிருந்தேன். சென்று மூன்று வாரங்களாகியும் பேச்சுத்துணைக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. ஒரு நாள் மாலை சமையலுக்கு நடுவே உப்புத் தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டில் என் வயதினரான அம்மையார் ஒருவர் வாழ்ந்தார். அவர் கதவைத் தட்டி, பாடநூலில் மனனம் செய்த தொடரை ஒப்பித்தேன். 'தாங்கள் சிறிது உப்பு இரவலாக அளித்தருள இயலுமோ?' என்பது அதன் பொருள். உப்புக் கிடைத்தது, உடனே கதவும் சாத்தப்பட்டது. என் இலக்கணத்தில் பிழையில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று.

ஸ்பானிய மொழியில் 'உஸ்தெத்' என்பது தாங்கள்; 'து' என்பது நீ. முன்பின் அறியாத முதியோரிடத்தும் அலுவலகங்களிலும் 'உஸ்தெத்' வேண்டும். ஆயின் ஸ்பெயினில் அண்டை அயலாரிடையேயும் உடன் பணிபுரிவோரிடையேயும் இன்று பெரிதும் வழங்குவது 'து'வே. அவ்வாறு 'நீ' என்று பேசுவதற்கே 'துதெயார்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒத்த வயதினரைத் 'தாங்கள்' என்றால், மதிப்பதாகக் கொள்வோரும் உண்டு. விலக்கி நிறுத்துவதாகக் கொள்வோரும் உண்டு.

இரவல் வாங்குதலுக்கு அங்கே அன்றாடப் பேச்சில் ஒற்றை வினை இல்லை. 'பெதீர் பிரெஸ்தாதோ' எனச் சொற்களைக் கூட்டியே கூறுவர். எனவே கேட்பவர் கொடுப்பவரை நோக்கியே வினவுகிறார்: 'மெ பிரெஸ்தாஸ்?', அதாவது, எனக்கு இரவல் தருகிறாயா? ஸ்பெயினில் இன்னும் எளிதாக 'மெ தெஹாஸ்?' என்பர். 'மெ தெஹாஸ் உன் போலி?' என்று ஒருவர் கேட்டால் பேனா கேட்கிறார் என அறிக. நம் செவிக்கு அச்சொல் வேறு பொருள் தருவது அவர் குற்றமன்று. நண்பரிடையே 'தயவுசெய்து' என்பதும் கட்டாயமில்லை. குரலின் குழைவே போதும்.

கடல் கடந்தால் வழக்கு மாறும். மெக்சிகோவில், 'இரவல் தரமாட்டாயா?' என எதிர்மறையில் வினவுவது பணிவு. விருந்தினர் குளியலறையையும் 'இரவல்' கேட்பார், எடுத்துப் போவதற்கன்று! கொலம்பியாவில் காசு கொடுத்து வாங்கும் காப்பியைக்கூடப் 'பரிசாகத் தருகிறீர்களா?' எனக் கேட்பர். அந்நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில் குடும்பத்தினரிடையேயும் 'உஸ்தெத்' வழங்குவதுண்டு. மாட்ரிட் பழக்கத்தை அங்கே கொண்டு செல்வோர் சற்று நிதானிக்க வேண்டும்.

தொல்காப்பியர் இரப்போர் கூற்றை மூவகைப்படுத்தினார்: தாழ்ந்தோன் 'ஈ' என்பான், ஒத்தோன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான். அவ்வம்மையார் 'தா' என்பதை எதிர்பார்த்திருக்க, நான் 'ஈ' என்று நின்றிருக்கின்றேன்.

மறுவாரம் துணிந்து மீண்டும் தட்டினேன். 'மெ தெஹாஸ் உனாஸ் திஹேராஸ்?' என்று கத்தரிக்கோல் கேட்டேன். நாளை திருப்பித் தருவேன் என்பதையும் 'நீ' முறையிலேயே சொன்னேன். 'கிளாரோ!' என்று மலர்ந்தார். அதற்கென்ன என்பது போன்ற சொல் அது. உள்ளே அழைத்து அமரச் செய்து காப்பியும் தந்தார். பேச்சில் கத்தரிக்கோலை மறந்து வந்துவிட்டேன். அவரே அதை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வந்தவர் என் சமையலறையை எட்டிப் பார்த்து, இரண்டு வெங்காயம் இரவல் கேட்டார்.