எஞ்சினுக்கு நீராட்டு



காரின் புறத்தை நாள்தோறும் துடைத்துக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்வோர் பலர். முன்மூடியாகிய பானட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் எஞ்சினைப் பார்ப்போர் சிலர். அதனைத் தூய்மை செய்யத் துணிவோர் மிகச் சிலர். அவருள்ளும் தெரிந்து செய்வோர் எத்தனை பேர்? தெரியாமல் செய்த ஒருவனை நான் நன்கறிவேன். அவன் நானே!

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் பழைய கார் ஒன்று இருந்தது. ஒருநாள் மாலை பானட்டைத் திறந்து, ரப்பர் குழாயால் எஞ்சின் முழுவதும் நீரைப் பாய்ச்சினேன். அழுக்கு ஓடிற்று, அகம் மகிழ்ந்தேன். மறுநாட் காலை என் மகனுக்குப் பொதுத்தேர்வு. தேர்வு மையம் 12 கிலோமீட்டர் தொலைவு. சாவியைத் திருகினேன், எஞ்சின் முனகிற்றேயன்றி உயிர் பெறவில்லை. மகன் சாலைக்கு ஓடி, பேருந்து பிடித்து, கால்மணி நேரம் தாமதமாகத் தேர்வறை புகுந்தான். மாலையில் திரும்பியவன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அன்று வந்த மெக்கானிக், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உட்புற ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினார். எஞ்சின் உடனே ஓடிற்று. ஸ்பார்க் பிளக்குகளுக்குச் செல்லவேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்து வீணாகியிருக்கிறது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகளோ அதற்கு வழி அமைத்துவிடும். இதனை வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்தவன் நான்! கற்பித்ததைக் கையாளத்தான் மறந்தேன்.

அவ்வாறாயின் எஞ்சினைத் தொடாமலே விட்டுவிடலாமா? கூடாது. எண்ணெயும் புழுதியும் கலந்து படிந்தால், புதிதாகத் தோன்றும் எண்ணெய்க் கசிவு கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த சருகும் எலி கட்டிய கூடும் சூட்டில் தீப்பற்றக்கூடும். ஆதலின் தூய்மை வேண்டும். ஆனால் முறையோடு வேண்டும்.

முதலாவது, எஞ்சின் நன்கு ஆறியிருக்கவேண்டும். சுடும் உலோகத்தின்மீது குளிர்நீர் பட்டால் அது ஒருபுறம் மட்டும் திடீரெனச் சுருங்கி, வளையவோ வெடிக்கவோ கூடும். சாவியையும் எடுத்துவிடுங்கள். பல கார்களில் எஞ்சினை நிறுத்திய பின்னரும் ரேடியேட்டர் விசிறி தானே சுழலத் தொடங்கும். விரல்கள் அதனருகே செல்லலாகாது.

இரண்டாவது, சருகுகளைக் கையுறை அணிந்து பொறுக்கி எடுங்கள். கார்க் கையேடு கூறும் முறைப்படி பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். எதிர்முனையை முதலிற் கழற்றி, இறுதியில் மாட்டவேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. அதற்கு மாறாக, கணினிபோன்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும், நுண்ணிய உணர்கருவிகளும் உள்ளன. இவற்றையும், பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றையும் பாலிதீன் உறையால் மூடிக் கட்டுங்கள். காற்று உட்செல்லும் வாயை மறவாதீர். அதன் வழியே நீர் மிகுதியாகப் புகுந்து சிலிண்டரை அடைந்தால் என்னாகும்? காற்று அமுங்கும், நீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும்.

மூன்றாவது, கார் ஷாம்புவைச் சிறிதளவு நீரில் கலந்து, பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இதுவே போதும். கழுவியே தீரவேண்டிய இடமாயின் பூவாளியாற் தெளிப்பதுபோல் மெல்லத் தெளியுங்கள். விசைக்குழாயை வேகமாகப் பாய்ச்சுதல் மின்னிணைப்புகளுக்குள் நீரைத் திணிப்பதாகும். பெட்ரோலைக்கொண்டு துடைப்பதோ தீயை விருந்துக்கு அழைப்பதாகும், ஒருபோதும் செய்யற்க.

நான்காவது, உலர்த்துதல். நான் தவறியது இங்கேதான். உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, பானட்டை இரண்டொரு மணி நேரம் திறந்தே வையுங்கள். உறைகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்து அகற்றிய பின்னரே பேட்டரியை இணைத்து, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். மெருகுப் பூச்சு வேண்டுமாயின் பிளாஸ்டிக் பகுதிகளில் மட்டும் பூசுங்கள். பெல்ட்டின்மேல் பட்டால் அது வழுக்கும். எண்ணெய் படிந்த துணிகளையும் அழுக்குநீரையும் தெருச் சாக்கடையில் சேர்க்காதீர். அந்நீர் போய்ச் சேருமிடம் ஏரியோ ஆறோவாக இருக்கலாம்.

மின்சாரக் காராகவோ, பெட்ரோலும் மின்சாரமும் கலந்து இயங்கும் காராகவோ இருப்பின் தடித்த ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் காண்பீர்கள். அவற்றுள் உயிரைக் குடிக்கவல்ல மின்னழுத்தம் உண்டு. அப்பணியைப் பயிற்சி பெற்றோரிடமே விட்டுவிடுங்கள்.

இளைஞர்களே, விடுமுறை நாளில் வீட்டுப் பெரியவரின் துணையோடு இப்பணியில் இறங்குங்கள். உலோகம் சுருங்குவதும், நீர் அமுங்காதிருப்பதும், உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதும் உங்கள் பாடநூலில் உள்ளவையே. தேர்வுத்தாளில் அவற்றை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். வேண்டிய வேளையில் அவை கைக்கு வந்து உதவினால்தான் அது கல்வி. 30 ஆண்டுகளுக்கு முன்பு, மதிப்பெண் வழங்கும் இடத்திலிருந்த ஓர் ஆசிரியன் அந்தத் தேர்வில் தோற்றான். நீங்கள் தோற்கவேண்டாம்.