கையில் எழும்பும் தடிப்பு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எல்லோரும் ஒருமுறை இடது மேற்கையைத் தொட்டுப் பாருங்கள். பி.சி.ஜி. ஊசித் தழும்பு எம்மில் பெரும்பாலானோருக்கு உண்டு. ஊசி போட்டால் பிறபொருளெதிரி உண்டாகும் என்று அந்தநாளில் எழுதிப் புள்ளி வாங்கினோம். காசநோய்க்கு அந்த விடை போதாது.

இக்கிருமி ஒளிந்திருக்கும் இடம் அப்படி. தன்னை விழுங்கிக் கொல்லவேண்டிய பெருந்தின்கலத்துக்குள்ளேயே அது குடியிருக்கிறது. பிறபொருளெதிரி அங்கே எட்டாது. பெருந்தின்கலம் விழுங்கியதன் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அதை இனங்காணும் ரி கலம் இன்ரபெரோன் காமா என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தச் செய்தி கிடைத்த பிறகுதான் பெருந்தின்கலத்துக்குக் கிருமியை அடக்கும் வலு வருகிறது. பெருந்தின்கலத்தைத் தூண்டும் புரதம் இதுவே என்று 1983இல் காள் நேதன் குழுவினர் காட்டினார்கள். இச்செய்தியை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதான மிகச் சில குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது 1996இல் தெரியவந்தது. அவர்களுக்குப் பி.சி.ஜி. ஊசியிலுள்ள வலுக்குறைந்த கிருமியே கடும் நோயாகிவிடுகிறது. ஒரேயொரு புரதத்தின் செய்தி போய்ச் சேராததால் வரும் வினை!

ரி கலங்களும் பெருந்தின்கலங்களும் சுரக்கும் இன்னொரு புரதம் ரி.என்.எவ். கிருமியைச் சுற்றிக் கலங்கள் எழுப்பும் மதிலை அது கட்டிக்காக்கிறது. அந்த மதிலுக்குள் கிருமி பல ஆண்டுகள் உறங்கும். ஆளுக்கு இருமல்கூட இராது. ஆனால் இதே புரதம் மூட்டுகளில் அளவுமீறினால் முடக்குவாதம். பெண்களையே அதிகம் வாட்டும் நோய் அது. ரி.என்.எவ். புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகள் வந்து பலரை எழுந்து நடக்க வைத்தன. கூடவே, உறங்கிய காசநோய் சிலருக்கு விழித்துக்கொண்டதை 2001இல் வைத்தியர்கள் அறிவித்தார்கள். மதில் தளர்ந்துவிட்டது.

இதனாற்றான் அம்மருந்தைத் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும் மான்ரூ பரிசோதனையும் அல்லது இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். "வீட்டில் யாருக்கும் சயரோகம் இருந்ததா?" என்றும் கேட்பார்கள். இங்கேதான் நாம் இடறுகிறோம். எமது வீடுகளில் அது வெளியில் சொல்லக்கூடாத நோய். அப்பம்மாவுக்கு "நெஞ்சுச்சளி" என்றே சொல்லி வளர்த்தார்கள். கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம். வைத்தியரிடமாவது உள்ளதைச் சொல்லுவோம். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுவோம். உறங்கும் கிருமி இருப்பது தெரிந்தால் முற்கூட்டியே மருந்து தந்து அடக்கலாம்.

மான்ரூ ஊசி முன்கையில் போடுவது. முன்பு கிருமியைச் சந்தித்த ரி கலங்கள் அவ்விடத்துக்கு வந்து, புரதங்களைச் சுரந்து மற்றக் கலங்களையும் அழைப்பதால்தான் அங்கே தடிப்பு எழும்புகிறது. பி.சி.ஜி. போட்டவருக்கும் தடிப்பு வரலாம். ஸ்ரீரொயிட் குளிசை எடுப்பவருக்கோ கிருமி இருந்தும் வராமல் விடலாம். ஆகவே குளிசை விபரத்தையும் மறைக்காதீர்கள். 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் திரும்பிப்போய்த் தடிப்பை அளந்துகொள்ளவேண்டும். சிவந்த இடத்தையல்ல, தடித்த இடத்தையே அளப்பார்கள்.