தட்டிலிருந்து ஒரு கணக்கு, தரையிலிருந்து ஒரு கணக்கு

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள். அது அறுவடைக்குப் பின் போடும் கணக்கு. நான் இன்று பேசவிருப்பது உழுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு: ஒரு நிலத்துக்கு எத்தனை விதை, எத்தனை நாற்று? இதை என் எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் ஒரு பழைய தோட்டத் திட்டத்தை வைத்துச் செய்து பார்த்தேன். 80 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் போட்ட திட்டம் அது. நம் பாடநூலில் உள்ள வகுத்தல், பரப்பளவு, சதவீதம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939-இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில்தான் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. கப்பல்கள் மூழ்கடிக்கப்படும் என்ற அச்சத்தில், வீட்டுத் தோட்டத்திலும் வெற்று நிலத்திலும் காய்கறி போடுங்கள் என்று அரசு மக்களை அழைத்தது. 'டிக் ஃபார் விக்டரி', அதாவது வெற்றிக்காக மண்ணைக் கொத்துங்கள் என்பது அந்த இயக்கத்தின் பெயர். வேளாண் அமைச்சகம் துண்டறிக்கைகளை அச்சிட்டு வழங்கியது. அவற்றில் ஒன்றில் 90 அடி நீளம், 30 அடி அகலம் கொண்ட நிலத்துக்கு வரிசை வரிசையாக என்ன பயிரிடலாம் என்று வரைபடம் இருந்தது.

நகர்மன்றங்கள் குறைந்த வாடகைக்கு விடும் தோட்டத்துண்டின் வழக்கமான அளவு அது. 2,700 சதுர அடி. நம் கணக்கில் 1 சென்ட் 435.6 சதுர அடி என்பதால், ஏறத்தாழ 6.2 சென்ட். "அட, எங்க வீட்டு மனையை விடக் கொஞ்சம் பெரிசு" என்று ஒரு மாணவன் சொன்னவுடன் வகுப்புக்கு அந்த நிலம் கண்ணில் தெரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட 5 லட்சம் புதிய துண்டுகள் உருவானால், 10 லட்சம் பெரியவர்களுக்கும் 15 லட்சம் குழந்தைகளுக்கும் ஆண்டில் 8 மாதங்களுக்கு உருளைக்கிழங்கும் காய்கறியும் கிடைக்கும் என்று அமைச்சர் வானொலியில் அறிவித்தார். பெரிய எண்கள். மாணவர்களை 5 லட்சத்தால் வகுக்கச் சொன்னேன். 2 பெரியவர், 3 குழந்தை. லட்சக் கணக்கு ஒரே நொடியில் ஒரு வீடாகிவிட்டது. இனி அந்த 5 பேருக்கு எத்தனை செடி வேண்டும் என்பதுதான் கேள்வி.

வேலியா, வரிசையா?

வரிசைகளை 30 அடி அகலத்தின் குறுக்கே போட வேண்டும். 30 அடி என்றால் 360 அங்குலம். வெங்காயத்துக்குச் செடிக்குச் செடி 6 அங்குலம் விடலாம். ஒரு வரிசையில் எத்தனை?

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் 60, மீதிப்பேர் 61. வேலிக்கம்பக் கணக்கு படித்தவர்கள் 61 என்று உறுதியாக நின்றார்கள். வேலிக்கு அது சரி. இரு முனையிலும் கம்பம் வேண்டும். ஆனால் செடியை வரப்பின் விளிம்பிலேயே நட்டால் பாதி வேர் பாதைக்குள் போகும். ஆகவே இரு முனையிலும் பாதி இடைவெளி, அதாவது 3 அங்குலம் விட்டு நடுகிறோம். அப்போது 60 தான். கரும்பலகையில் விடை சொல்வதைவிட, பள்ளித் திடலில் கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரு தரப்பும் தாங்களே முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்தது உருளைக்கிழங்கு. நிலம் மூன்று சம பாகமாகப் பிரிக்கப்படுகிறது: பட்டாணி, பீன்ஸ், வெங்காய வகை ஒன்று, கிழங்கு வகை ஒன்று, கோஸ், கீரை வகை ஒன்று. ஆண்டுதோறும் பயிர்கள் பாகம் மாறும். பாகங்கள் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். "இடம் மாறினாலும் செடி எண்ணிக்கை மாறக்கூடாதுல்ல சார்" என்றாள் ஒரு மாணவி. பயிர்ச் சுழற்சியை நான் விளக்குவதற்குள் கணக்கு விளக்கிவிட்டது.

ஒரு பாகம் 30 அடிக்கு 30 அடி. உருளைக்கு வரிசைக்கு வரிசை 27 அங்குலம், செடிக்குச் செடி 15 அங்குலம் என்று வைத்துக்கொண்டோம். பாகம் முழுக்க உருளை போட்டால் எத்தனை செடி? பரப்பளவு வழியில், 1,29,600 சதுர அங்குலத்தை 405-ஆல் வகுத்தால் 320. வரிசை வழியில், 360-ஐ 27-ஆல் வகுத்தால் 13.33, ஆக 13 வரிசை. வரிசைக்கு 24. மொத்தம் 312. எட்டுச் செடி எங்கே போயின? அந்த 0.33 வரிசையில். மூன்றில் ஒரு பங்கு வரிசையை மண்ணில் போட முடியாது. தசமத்தை எப்போது மேலே முழுமையாக்குவது, எப்போது கீழே என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தட்டிலிருந்து தொடங்குவோம்

இதுவரை பார்த்தது தரையின் கணக்கு: நிலம் எத்தனை கொள்ளும்? இனித் தட்டின் கணக்கு: வீடு எத்தனை தின்னும்?

போருக்கு முன் பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் அந்த வரத்து நின்றது. ஒற்றை வெங்காயத்தைக் குலுக்கலில் பரிசாக வைக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. வெங்காய விலை ஏறும்போது நம் வீட்டில் என்ன நடக்கும் என்று அறிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாளுக்கு 2 வெங்காயம், 8 மாதத்துக்கு 240 நாள். 480 வெங்காயம். வரிசைக்கு 60, ஆக 8 வரிசை. ஆனால் சேமித்து வைப்பதில் பத்தில் ஒன்று அழுகும் என்றால்? 480-உடன் 48 சேர்த்து 528 என்பார்கள். சரிபார்க்கச் சொல்லுங்கள். 528-இல் பத்தில் ஒன்று போனால் மிஞ்சுவது 475. ஐந்து குறைகிறது. 480-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 534. ஆக 9 வரிசை.

நாற்றுக்கும் இதே வழிதான். வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ் 9 அங்குல இடைவெளியில் 3 வரிசை வேண்டுமானால் 120 நாற்று. நட்டதில் 10 சதவீதம் பட்டுப்போகும், விதைத்ததில் 20 சதவீதம் முளைக்காது என்று கொண்டால், 120-ஐ 0.9-ஆல் வகுத்து 134 நாற்று, அதை 0.8-ஆல் வகுத்து 168 விதை. இரண்டையும் கூட்டி "30 சதவீதம் கூடுதல்" என்று 156 விதை போட்டவர்களுக்கு 112 செடிதான் தேறும். சதவீதங்களைக் கூட்டக்கூடாது என்று எத்தனை முறை எழுதிப்போட்டாலும் பதியாதது, எட்டுச் செடி குறைந்ததும் பதிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் வரும். எல்லாப் பயிர்களின் வரிசை அகலத்தையும் கூட்டினால் 90 அடியைத் தாண்டலாம். உடனே திட்டம் தவறு என்று சொல்லிவிடக்கூடாது. முன்பருவ உருளையைக் கோடையில் எடுத்த பின் அதே இடத்தில் லீக்ஸ் நடலாம். ஒரே நிலத்தை ஆண்டில் இரு முறை எண்ண வேண்டும். ஆகவே அட்டவணையில் 'இடம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'மாதம்' என்ற கட்டமும் வேண்டும்.

மீதி நாலு மாசம்?

இத்தனையும் முடித்த பின் பின்பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "சார், எட்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டாச்சு. மீதி நாலு மாசம் அவங்க என்ன சாப்பிட்டாங்க?"

வகுப்பு அமைதியானது. சத்துணவு இல்லாத விடுமுறை நாட்களை அறிந்த பிள்ளைகள் அவர்கள்.

அந்தத் துண்டறிக்கையின் உயிரே அந்தக் கேள்விதான். கோடைக்கு மட்டும் பயிரிடாதீர்கள், குளிர்காலத்துக்கும் பயிரிடுங்கள் என்பதே அமைச்சகம் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆர்வத்தில் எல்லோரும் ஒரே நாளில் விதைப்பார்கள். கோடையில் தின்ன முடியாமல் கொட்டிக் கிடக்கும். பனிக்காலத்தில் நிலம் வெறுமையாக இருக்கும். நிலத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பனி தாங்கும் கோஸ், கீரை வகைகளுக்கு ஒதுக்கியது அதனால்தான். பழைய பயிர் தீர்ந்து புதுப்பயிர் வராத வசந்த கால வாரங்களை அங்குள்ள தோட்டக்காரர்கள் 'பசி இடைவெளி' என்றே அழைக்கிறார்கள்.

நாங்கள் உடனே கணக்குப் போட்டோம். குளிர்காலத்தில் 20 வாரம், வாரம் 2 கோஸ்: 40. 18 அங்குல இடைவெளியில் வரிசைக்கு 20. ஆக 2 வரிசை. எண்ணிக்கை எளிது. ஆனால் 40 கோஸும் ஒரே வாரத்தில் முற்றினால் 20 வாரம் சாப்பிட முடியுமா? முன்பின்னாக முற்றும் இரகங்களைப் பிரித்து, நாள் தள்ளித் தள்ளி விதைக்க வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். 'எத்தனை செடி?' என்பதற்கு ஒரே வகுத்தலில் விடை கிடைக்காது. தட்டிலிருந்து ஓர் எண் வரும். தரையிலிருந்து ஓர் எண் வரும். தட்டின் எண் சிறியதானால் மிஞ்சிய இடம் வேறு பயிருக்கு. தரையின் எண் சிறியதானால் எதைக் குறைப்பது என்று யாரோ முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை மாணவர்கள் எடுக்கட்டும், காரணத்தை எழுதட்டும். நாளுக்கு 2 வெங்காயம், பத்தில் ஒன்று அழுகல் என்று நாம் வைத்துக்கொண்ட ஒவ்வோர் ஊகமும் தாளில் தனியாக இருக்கட்டும். ஊகத்தை மாற்றினால் விடை மாறும் என்று தெரிந்த பிள்ளை, நாளை எந்தத் திட்டத்தின் எண்ணையும் கேள்வி கேட்கும்.

உங்கள் பள்ளியில் 6 சென்ட் இல்லாமல் போகலாம். நான்கு பாத்தி போதும். கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை. சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு வாரத்துக்கு எவ்வளவு காய் ஆகிறது என்று பிள்ளைகளே கேட்டு வரட்டும். அங்கிருந்து தொடங்குங்கள். முதல் பாத்தியில் கயிறு கட்டும்போது, "60-ஆ, 61-ஆ?" என்று கட்டாயம் ஒரு சண்டை வரும். வரட்டும். அதுதான் வகுப்பு.