சாட்டையும் தீயும் சான்றாகுமா?



பகுத்தறிவு பெரிதா, இறைவன் அருளிய மறை பெரிதா என்ற வழக்கு, இஸ்லாமிய உலகிலே 1,200 ஆண்டுகளாக நடக்கும் வழக்கு. வழக்கு நடப்பது குற்றமன்று. வாதாட வந்தவன் வாளை உருவும்போதுதான் கேடு விளைகிறது!

661ஆம் ஆண்டு. கூஃபா நகரத்துப் பள்ளிவாசல். நபிகள் நாயகத்தின் மருமகனார், நான்காம் கலீபா அலீ அவர்கள் வெட்டப்படுகிறார். வெட்டியவன் வேற்று மதத்தவனா? அல்லன்! காரிஜிகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவன். தீர்ப்பளிக்கும் உரிமை இறைவனுக்கே என்றனர் அக்கூட்டத்தார். ஆனால் யார் காஃபிர், யார் தலை உருளவேண்டும் என்ற தீர்ப்பை மட்டும் தாமே எழுதிக்கொண்டனர்! எழுத்தைப் பற்றினர், சிந்தனையைக் கைவிட்டனர்.

அப்படியானால், அறிவின் பெயரால் ஆணையிட்டோர் அனைவரும் உத்தமரோ? அதையும் பார்ப்போம். கிரேக்க ஏடுகளை அரபு மொழிக்குக் கொணர்ந்திட ஊக்கமளித்த கலீபா மாமூன், 833இல் ஆணை பிறப்பித்தார்: குர்ஆன் படைக்கப்பட்டதே என்று அறிஞர்கள் ஒப்பவேண்டும்! பகுத்தறிவு பேசிய முத்தஸிலாக்களின் கொள்கை அது. ஒப்ப மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பல் சிறைப்பட்டார். அடுத்த கலீபாவின் காலத்தில் சாட்டையடியும் பட்டார். விளைவு? அடிபட்டவர் மக்கள் நெஞ்சிலே உயர்ந்தார். அடித்தவர் வாதம் மதிப்பிழந்தது. சாட்டை ஏந்திய பகுத்தறிவும் வெறியே, தோழர்களே!

பின், வழி எது? 1126இல் குர்துபா நகரிலே பிறந்த இப்னு ருஷ்து காட்டிய வழி உண்டு. அரிஸ்டாட்டிலுக்கு உரை கண்ட தத்துவ ஞானி அவர்; ஷரீஅத் சட்டப்படி தீர்ப்பு வழங்கிய காழியும் அவரே! உண்மை உண்மைக்குப் பகையாகாது என்றார். ஆய்ந்து நிறுவிய முடிவோடு மறையின் வெளிப்பொருள் மோதுவதாகத் தோன்றினால், மறையைத் தள்ளாதே, அறிவையும் கொல்லாதே, அரபு மொழி மரபுக்கு உட்பட்டு உட்பொருளைத் தேடு என்றார். தத்துவ ஞானிகளைக் காஃபிர் என்று கஸ்ஸாலி எழுதிய நூலுக்கு, நூலாலேயே விடை தந்தார், வாளால் அன்று!

அவருக்குக் கிடைத்த பரிசு? 1195இல் ஊர்விலக்கு, ஏடுகளுக்குத் தீ! ஏடு எரிந்தது, எண்ணம் எரிந்ததா? எபிரேயத்திலும் லத்தீனிலும் பெயர்த்தெடுத்துப் படித்தது ஐரோப்பா!

பழங்கதை என்று எண்ணாதீர்! 1992இல் கெய்ரோவிலே எழுத்தாளர் ஃபராக் ஃபோதா சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்ஃபூஸின் கழுத்திலே கத்தி பாய்ந்தது. காஃபிர் பட்டம் இன்றும் கொல்லும் ஆயுதம்.

அந்த ஆயுதத்தைப் பறிக்க, 2005இல் அம்மான் நகரிலே மார்க்க அறிஞர்கள் கூடினர். பல்வேறு மத்ஹபுகளைப் பின்பற்றுவோரைக் காஃபிர் என்று அறிவிப்பது கூடாதென முடிவு செய்தனர். மறையைக் கற்றோரே மறையின் பெயரால் நடக்கும் கொலைக்குத் தடை விதித்தனர்! மறையும் அறிவும் கைகோத்தால் வெறிக்கு இடமேது? அறிவுக்குச் சாட்டை வேண்டாம். மறைக்குக் கத்தி வேண்டாம். இரண்டுக்கும் வேண்டியது திறந்த நெஞ்சம்!