பத்தாம் வகுப்பில் பறிபோன பாடம்

(தாராவியில் நடந்த தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு இருக்குமா போகுமா என்று தாராவியே தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பள்ளிப் புத்தகத்துக்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வீட்டுக்கான கூட்டங்களை நாம் நிறுத்தவில்லை, அவை தனியே நடக்கின்றன. இன்று வேறொரு பறிப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டை எடுக்க வருகிறவன் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறான். பாடத்தை எடுத்தவர்கள் நம் வாசலில் எதையும் ஒட்டவில்லை.

நடந்தது இதுதான். மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்று ஒரு பாடம் இருந்தது. கொரோனாக் காலத்தில் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று தொடங்கினார்கள். 2022இல் வெட்டுப் பட்டியல் வந்தது. 2023இல் அச்சான புத்தகத்தில் பரிணாமம் அடியோடு போய், தலைப்பு 'மரபு' என்று சுருங்கியது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அந்த ஏப்ரலில் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறதே, ஏன் கூச்சல் என்று பதில் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் யாருக்கு இருக்கிறது? உயிரியல் பாடம் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு. நம் பிள்ளைகள் பத்து முடித்ததும் எங்கே போகிறார்கள் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காமர்ஸ், ஐ.டி.ஐ., அதுவும் இல்லாவிட்டால் தோல் பட்டறை, தையல் மிஷின். நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறிவியலைப் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்பு. மெட்ரிக்கோடு படிப்பு நின்றுபோன நம்மைப் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். டாக்டர் வீட்டுப் பிள்ளை எப்படியும் படித்துக்கொள்ளும். வெட்டு விழுந்தது நம் வீட்டுப் பிள்ளையின் பங்கில்தான்.

2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், அவுரங்காபாத்தில் பேசும்போது டார்வின் கொள்கையே தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, நம் முன்னோர் யாரும் சொன்னதில்லை, ஆகவே பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்து அறிக்கை விட்டன. அவருக்கு மேலிருந்த அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரே, இப்படிப் பேச வேண்டாம் என்று அவரிடம் சொல்லும்படி ஆயிற்று. அவர் பேச்சால்தான் பாடம் போனது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாண்டில் அவர் கேட்டது பாதி நடந்துவிட்டது.

அவர் யார்? 2012 முதல் 2014 வரை இதே மும்பையின் போலீஸ் கமிஷனர்! கண்ணால் கண்ட சாட்சி இல்லையென்றால் வழக்கை மூடிவிடுங்கள் என்று எந்த இன்ஸ்பெக்டரிடமாவது அவர் சொல்லியிருப்பாரா? கைரேகை பார்க்கவில்லையா, காலடித் தடம் பார்க்கவில்லையா? பூமியிலும் தடயம் கிடக்கிறது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கோடாரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு, குறைத்துக் கணக்கிட்டாலும் 10 லட்சத்துக்கு மேல் என்று 2011இல் அறிவித்தார்கள். நம் மனித இனத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எலும்புகளுக்கு வயது 3 லட்சம் ஆண்டுதான். அப்படியானால் அந்தக் கோடாரியைச் செய்த கை யாருடையது? நமக்கு முந்திய வேறொரு மனித இனத்தின் கை. (உலகத்தின் முதல் மனிதன் தமிழன் என்று மேடையில் கைதட்டு வாங்கும் நம்மவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோடாரிக்குத் தமிழும் தெரியாது, மராத்தியும் தெரியாது.)

குரங்கு ஒருநாள் மனிதனாக மாறியது என்று டார்வின் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் வெகு தொலைவில் ஒரே மூதாதை என்றார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி.

சரி, பங்காளி உறவு தெரிந்து உலை கொதிக்கப் போகிறதா? இங்கேதான் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். டி.பி. எட்டிப் பார்க்காத சந்து தாராவியில் உண்டா? நோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. பெருகும்போது எங்கோ ஒன்றிரண்டில் சிறு மாற்றம் தற்செயலாக நேர்கிறது. அதனால் ஏதோ ஒரு மருந்து அதன்மேல் பலிக்காமல் போகிறது. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், அந்த ஒன்றிரண்டு பிழைக்கும். பிழைத்தது பெருகும். கொஞ்ச நாளில் நெஞ்சு முழுவதும் அதன் வாரிசுகள்தான். இதற்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர். டார்வின் 1859இல் புத்தகமாக எழுதிய விதி இதுதான்.

அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பிய கிருமி இன்னொன்றில் மாட்டும். அதனால்தான் இருமல் நின்ற பிறகும் ஆறு மாதம் முடிக்கச் சொல்கிறார்கள். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும், கோயில் கொடை வந்துவிட்டது என்று திருநெல்வேலிக்கு ரயில் ஏறி, மாத்திரையை இங்கேயே விட்டுப் போனவர்களை நாம் அறிவோம். திரும்பி வந்தபோது பழைய மாத்திரை கேட்கவில்லை.

குற்றம் அவர்கள் மேல் மட்டுமா? 1991இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாராவியில் தொழில் செய்யும் 100 தனியார் டாக்டர்களிடம் டி.பி.க்கு என்ன மருந்து என்று கேட்டதற்கு 80 விதமாக எழுதினார்கள். 2010இல் வெளியான ஆய்வில் 106 பேர் 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். ஆறே பேர், தோழர்களே! பக்கத்து மாகிமில் இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியாவும் உடனிருந்தவர்களும், சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத டி.பி.யைப் பற்றி 2011 டிசம்பரில் எழுதினார்கள். அதை அப்படி அழைக்கலாமா என்று அரசு தகராறு செய்தது. உயிர் மாறுவதை யாரும் பார்த்ததில்லை என்றாரே, அவர் கமிஷனர் நாற்காலியில் உட்காருவதற்கு முந்திய ஆண்டே, இந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் இந்தப் பாடத்தைப் படித்த பெண், நாளைக்குத் தன் மாமியாருக்கு ஏன் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்வாள். டாக்டர் ஒரே மருந்து எழுதினால், ஏன் ஒன்று என்று கேட்பாள். அந்தக் கேள்வி அவள் வாயில் வர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. முகத்திலிருந்து ஒருவன் பிறந்தான், காலிலிருந்து ஒருவன் பிறந்தான் என்ற கதையின் பாரத்தைச் சுமந்துதான் நம் தாத்தாக்கள் ஊரைவிட்டு இந்தத் தோல் கிடங்குகளுக்கு வந்தார்கள். எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் மரபணு எழுத்தில் 99.9 விழுக்காடு ஒன்றே என்கிறது இன்றைய உயிரியல். அந்தப் பாடத்தை யார் பிள்ளை இழக்கலாம், யார் பிள்ளை இழக்கக் கூடாது?

சாமி கும்பிடுகிறவர்கள் மனம் நோக வேண்டாம். யாருடைய கோயிலையும் மாதாவையும் தொழுகையையும் பறிக்க நாம் வரவில்லை. பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலே ஒப்புக்கொண்டார். வீட்டில் சொல்வது வீட்டில் இருக்கட்டும். பள்ளி அரசுப் பணத்தில் நடக்கிறது; அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. மகாராஷ்டிர மாநில வாரியம் 2018இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் இரண்டாம் பகுதியில் முதல் பாடமே மரபும் பரிணாமமும்தான். ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தைப் படிப்படியாக சி.பி.எஸ்.இ. முறைக்கு மாற்றப் போவதாக 2025 மார்ச்சில் கல்வி அமைச்சர் அறிவித்தார். மாநகராட்சியும் 2020 முதல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளை நடத்துகிறது, நம்மில் பலர் அங்கே இடம் கேட்டு அலைந்தோம், கேட்டது தவறும் இல்லை. மாற்றம் பத்தாம் வகுப்பை எட்டும்போது அந்த முதல் பாடம் நிற்குமா என்பதுதான் நம் கேள்வி. போன பிறகு அழுவது வீண். அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 1925இல் பரிணாமத்தைக் கற்பிக்கத் தடை போட்டு, ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தடைச் சட்டம் நீங்க 1967 ஆயிற்று, 42 ஆண்டு.

புனேயில் உள்ள பாடநூல் நிறுவனமான பால்பாரதிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். மராத்தியிலும் தமிழிலும் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பாடம் நீடிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கைதான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுத்த இரண்டு ஞாயிறுகளில் இதே மனுவோடு வீடு வீடாகப் போகிறோம். கூட வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். வாசல் மேசையில் தாள் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் வகுப்பையும் பள்ளியையும் மறக்காமல் எழுதுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் பிள்ளையை அழைத்து வந்து எழுதச் சொல்லிவிட்டு, ரேகை வையுங்கள்.